கட்டடங்கள் பொறித்த ரோமானிய மாகாண நாணயங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமானிய மாகாண நாணயம் என்று எதைச் சொல்கிறோம்?

ரோமின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தபோதும் அன்றாடப் புழக்கத்துக்கான சில்லறையைத் தாங்களே அச்சடித்துக்கொண்ட ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இன்றைய கிரீஸ், பல்கேரியா, துருக்கி, சிரியா, லெபனான், இஸ்ரேல், பாலஸ்தீனம், எகிப்து ஆகியவை அந்த நிலப்பரப்பில் அடங்கும். முன்புறம் பெரும்பாலும் பேரரசருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ உரியது. பின்புறம் ஊருக்கு உரியது. தன் தெய்வம், தன் ஆறு, தன் கோயில் என எதைக் காட்டுவது என்பதை ஊர் மன்றமும் உள்ளூர்ப் பெரியவர்களும் தீர்மானித்தார்கள்.

ஸ்பெயின் போன்ற மேற்கு மாகாணங்களில் இந்த வழக்கம் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவிலேயே நின்றுவிட்டது. கிழக்கில் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஓடியது. கடைசியாக நிறுத்தியது அலெக்சாந்திரியா, டயக்ளீஷியன் ஆட்சியில். பெரும்பாலானவை வெண்கலக் காசுகள். கிழக்கில் வாசகம் பெரும்பாலும் கிரேக்கத்தில் இருக்கும். ரோமானியக் குடியேற்ற ஊர்களில் மட்டும் லத்தீனில் இருக்கும்.

கட்டடத்தை ஏன் காசில் பொறித்தார்கள்?

பக்தியும் ஒரு காரணம்தான். ஆனால் சின்ன ஆசியாவின், அதாவது இன்றைய துருக்கிப் பகுதியின், நாணயங்களைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு வேறொன்று பளிச்சென்று தெரியும்: ஊர்களுக்கு இடையே இருந்த போட்டி.

பேரரசர் வழிபாட்டுக்கு மாகாணக் கோயில் கட்ட அனுமதி பெற்ற நகரம் 'நியோகோரோஸ்', அதாவது கோயில் காவலர், என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டது. இரண்டாவது கோயிலுக்கு அனுமதி கிடைத்தால் இருமுறை காவலர், மூன்றாவதற்கு மும்முறை காவலர். எபேசு, ஸ்மிர்னா, பெர்கமோன் ஆகிய மூன்றும் இந்தப் பட்டங்களுக்காக மல்லுக்கட்டின. ஒரு நகரம் இன்னொன்றின் பட்டத்தைக் கடிதத்தில் எழுதாமல் விட்டது என்ற புகார் பேரரசர் அன்டோனினஸ் பயஸ் வரை போனது. அவர் எபேசுக்கு எழுதிய பதில் கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது.

இந்த வழக்கின் ஆவணங்களாகவே அந்நகரங்களின் காசுகளைப் படிக்கலாம். பேரரசர் கராகல்லா காலத்து ஸ்மிர்னா காசு ஒன்றில் மூன்று கோயில்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் முக்கோண முகப்பிலும் இரண்டிரண்டு எழுத்துகள்: திபேரியஸ், ரோமா தேவி, ஹேட்ரியன் என்று எந்தக் கோயில் யாருடையது என்பதைக் குறிக்கும் சுருக்கங்கள். பேரரசர் எலகாபலஸ் காலத்தில் எபேசு நான்கு கோயில்களைக் காட்டி 'நான்குமுறை காவலர்' என்றது. அவர் கொல்லப்பட்டு அவர் பெயர் இழிவுபடுத்தப்பட்டதும் அந்த நான்காவது எண்ணிக்கை காசிலிருந்து மறைந்துவிட்டது. இவ்வளவு அரசியலையும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெண்கல வட்டில் படிக்க முடிவதால்தான் நான் இந்தப் பிரிவைவிட்டு நகர மறுக்கிறேன்.

காசில் தெரிவதைப் போலத்தான் அந்தக் கோயில் உண்மையில் இருந்ததா?

இல்லை. இதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொண்டால் பிற்பாடு குழப்பம் வராது.

எபேசின் ஆர்ட்டெமிஸ் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பழங்கால உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று. முகப்பில் எட்டுத் தூண்கள் நின்றதாகவே இன்று மீட்டுருவாக்குகிறார்கள். காசுகளிலோ சிலவற்றில் எட்டு, சிலவற்றில் ஆறு, சிலவற்றில் நான்கு. அச்சு செதுக்கியவருக்கு எண்ணத் தெரியாமல் போகவில்லை. தூண்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் நடுவில் தெய்வத்தைக் காட்ட இடமிருக்காது. எனவே தூண்களைக் குறைத்து, நடுத் தூண்களை விலக்கி, உண்மையில் கருவறை இருளில் இருக்கும் மூலவரை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். நம் ஊர்த் திருவிழா அழைப்பிதழில் அம்மன் பெரிதாகவும் கோபுரம் பின்னால் சிறிதாகவும் இருப்பதைப் போலத்தான். அதைப் பார்த்து யாரும் கோபுரத்தின் உயரத்தைக் கணக்கிடமாட்டோம்.

ஆனால் தூண் எண்ணிக்கையில் இவ்வளவு தாராளமாக நடந்துகொண்ட அதே செதுக்குநர், சில விவரங்களைப் பிடிவாதமாக விடாமல் காட்டினார். எபேசுக் காசுகளின் முக்கோண முகப்பில் சதுரமான திறப்புகள் தெரிகின்றன. கிரேக்கக் கோயில்களில் இது வழக்கமானதல்ல. இன்னும் சிலவற்றில் தூண்களின் அடிப்பகுதி மட்டும் தடித்து, அதில் உருவங்கள் இருப்பதுபோல் காட்டியிருப்பார்கள். 1869-இல் ஆங்கிலேய அகழாய்வாளர் ஜான் டர்ட்டில் வுட் சேற்றுக்கடியில் கோயிலைக் கண்டுபிடித்தபோது, உருவங்கள் செதுக்கிய தூண் அடிப்பகுதிகள் உண்மையாகவே வெளிவந்தன. அவற்றில் ஒன்றை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கோயில் நின்ற இடத்தில், துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண்தான் மிச்சம்.

ஆகவே தூண் எண்ணிக்கை, அளவு விகிதம் ஆகியவற்றை நம்பாதீர்கள். வழக்கத்துக்கு மாறான ஒரு விவரம் தெரிந்தால், அதை எளிதில் தள்ளிவிடாதீர்கள்.

அகழாய்வுக்கு இந்தக் காசுகள் உண்மையில் உதவியிருக்கின்றனவா?

உதவியிருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நியாபொலிஸ், அதாவது இன்றைய நாப்லஸ். அன்டோனினஸ் பயஸ் காலத்தில் (138–161) அந்த ஊர் வெளியிட்ட பெரிய வெண்கலக் காசில் ஒரு மலையே இருக்கிறது. அது சமாரியர்களுக்குப் புனிதமான கெரிசீம் மலை. காசின் கீழ் விளிம்பை ஒட்டி ஒரு தூண் வரிசை. அங்கிருந்து ஒரு படிக்கட்டு இடப்பக்க உச்சியை நோக்கிச் செங்குத்தாக ஏறுகிறது. படிகள் ஒவ்வொன்றும் மயிரிழைக் கோடாகச் செதுக்கப்பட்டிருக்கும். உச்சியில் ஒரு கோயில், அதன் முகப்பும் பக்கச் சுவரும் சேர்ந்து தெரியும் கோணத்தில். வலப்பக்க உச்சியில் பலிபீடம் போன்ற ஒரு சிறு கட்டுமானம். இவ்வளவும் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குள்.

கி.பி. 333-இல் போர்தோவிலிருந்து வந்த கிறிஸ்தவப் பயணி ஒருவர் இந்த மலைக்கு ஏறும் 1,300 படிகளைப் பற்றி எழுதிவைத்தார். 1960-களில் மலையின் வடக்கு முனையான தெல் எர்-ராஸில் தோண்டியபோது ஜீயஸ் கோயிலின் மேடையும் படிக்கட்டின் பகுதிகளும் கிடைத்தன. பயணக் குறிப்பு, மண், காசு மூன்றும் ஒன்றையொன்று உறுதிசெய்த அரிய இடம் அது.

லெபனானின் பால்பெக்கில் வேறு விதம். அங்கே ஜுப்பிட்டர் கோயிலின் ஆறு தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் வளாகத்தின் நுழைவாயில் பிற்காலத்தில் கோட்டையாக மாற்றப்பட்டு உருக்குலைந்தது. அது முழுமையாக இருந்தபோது பார்வைக்கு எப்படி இருந்தது என்பதை முதலாம் பிலிப் காலத்துக் காசு காட்டுகிறது: அகன்ற படிகள், நீண்ட தூண் வரிசை, இரு பக்கமும் கோபுரங்கள்.

பெர்கமோனின் புகழ்பெற்ற பலிபீடமும் செப்டிமியஸ் செவரஸ் காலக் காசு ஒன்றில் வருகிறது. 1878-இல் தொடங்கிய அகழாய்வில் எடுக்கப்பட்ட அதன் சிற்பங்கள் இப்போது பெர்லினில் இருக்கின்றன. அந்தக் காசு மிக அரிது. அருங்காட்சியகத்தில் பார்த்து மகிழ வேண்டியதுதான்.

கோயில்கள் மட்டும்தானா?

கோயில்களே அதிகம். ஆனாலும் மற்றவைதான் மனத்தைக் கொள்ளைகொள்கின்றன.

அலெக்சாந்திரியாவின் ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் டொமீஷியன் காலம் தொடங்கிப் பல பேரரசர்களின் காசுகளில் இருக்கிறது. அடுக்கின் மூலைகளில் சங்கூதும் டிரைட்டன் (பாதி மனிதன், பாதி மீனான கடல் தெய்வம்) உருவங்கள், உச்சியில் ஒரு சிலை. பதினான்காம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் சிதைந்த அந்தக் கோபுரத்தை, அதைக் கண்ணால் கண்டவர்கள் செதுக்கிய படங்கள் இவை. கப்பல் பாயைப் பிடித்தபடி இசிஸ் தேவி அதன் அருகே நிற்கும் வகை மிக அழகானது.

பாலங்கள் உண்டு. இன்றைய துருக்கியின் தென்பகுதியான கிலிக்கியாவில் மாப்சஸ் நகரம் வலேரியன் காலத்தில் வெளியிட்ட காசில் பிராமஸ் ஆற்றின் மேல் வளைவுகள் வைத்த பாலம், நடுவில் சாய்ந்திருக்கும் ஆற்றுத் தெய்வம், கூடவே 'நன்கொடை' என்ற பொறிப்பு. பேரரசர் தந்த கொடை என்பதை ஊர் நன்றியோடு எழுதிவைத்தது. துறைமுகங்கள் உண்டு. கொரிந்து நகரின் கெங்கிரேயா துறைமுகம் அன்டோனினஸ் பயஸ் காசில் அரைவட்டமாக விரிந்து, உள்ளே கப்பல்களோடு நிற்கிறது. திரேஸ் பகுதி ஊர்களில் கோட்டை வாசல்கள் மிகுதி. அங்கேயே பிசியா என்ற ஊர், முதலாம் பிலிப் காலத்தில், மதிலும் வாசலும் உள்ளே கோயில்களும் மற்றக் கட்டடங்களுமாக முழு ஊரையும் வானத்திலிருந்து பார்ப்பதுபோல் காட்டியது. விமானம் இல்லாத காலத்தில் அந்தக் கோணத்தைக் கற்பனை செய்த கைக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும்.

சில கோயில்களுக்குள் சிலைக்குப் பதிலாக வெறும் கல் தெரிகிறதே?

அது தேய்மானம் அல்ல. சிரியா, லெபனான், சைப்பிரஸ் பகுதிகளில் உருவமற்ற கல்லையே தெய்வமாக வழிபட்ட கோயில்கள் இருந்தன. சைப்பிரஸின் பாஃபோஸில் அஃப்ரோடைட் கோயிலின் நடுவில் கூம்பு வடிவக் கல், முன்னால் அரைவட்ட முற்றம். அங்கே வழிபடப்படுவது மனித உருவம் அல்ல என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் எழுதியிருக்கிறார். எமேசா, அதாவது இன்றைய ஹோம்ஸ், தன் கருங்கல்லைக் காசில் பொறித்தது. அந்தக் கோயிலின் பூசகராக இருந்த பதின்வயதுச் சிறுவன்தான் பின்னர் எலகாபலஸ் என்ற பேரரசரானவர். பைப்ளோஸின் மாக்ரினஸ் காலக் காசில் தூண்கள் சூழ்ந்த முற்றத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் கல், லிங்க வழிபாட்டை அறிந்த நம் கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அந்த ஒற்றுமையை வைத்து இரண்டுக்கும் உறவு கற்பிக்க வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவர் எந்தக் காசை முதலில் வாங்கலாம்?

செயுக்மா. தயக்கமே இல்லாமல் இதைத்தான் சொல்வேன். யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த படைநகரம். 2000-ஆம் ஆண்டில் பிரெசிக் அணையின் நீர் ஏறி ஊரின் ஒரு பகுதி மூழ்கிப்போனது. முதலாம் பிலிப் காலத்தில் (244–249) அந்த ஊர் அடித்த காசுகள் நிறையக் கிடைப்பதால், கட்டடக் காசுகளில் விலை எட்டக்கூடியவை.

உருப்பெருக்கியின் அடியில் அதை வைத்துப் பாருங்கள். மேலே நான்கு தூண்களோடு ஒரு சிறு கோயில். அதிலிருந்து இரண்டு தூண் மண்டபங்கள் உங்களை நோக்கிக் கீழிறங்குகின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள வெளியில் மேடுமேடாகக் கொத்துக்கொத்தாக ஏதோ இருக்கும். முதலில் களிம்பு என்று தோன்றும். அவை மரங்கள், கோயிலின் புனிதச் சோலை. அடியில் ஆட்டுத் தலையும் மீன் வாலும் கொண்ட மகர உருவம். அந்த ஊரில் நிலைகொண்டிருந்த நான்காம் ஸ்கித்திக்கா படைப்பிரிவின் சின்னம் அது. கோயில், சோலை, படை: ஒரே காசில் ஊர் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பிய எல்லாம் வந்துவிட்டது.

கிரேக்க எழுத்து தெரியாமல் எப்படி அடையாளம் காண்பது?

பெரிய எழுத்துகளைக் கற்றுக்கொள்ள ஒரு வார இறுதி போதும். இலக்கணம் தேவையில்லை. பின்புற வாசகம் பெரும்பாலும் 'இன்ன ஊராருடையது' என்றுதான் சொல்லும். ஊர்ப் பெயரின் நான்கைந்து எழுத்துகள் பிடிபட்டால் மீதியைத் தேடிப்பிடிக்கலாம். பீட்டா, காமா எழுத்துகள் தனியே நின்றால், அவை முன்பு சொன்ன இருமுறை, மும்முறை காவலர் பட்டமாக இருக்கக்கூடும். சில ஊர்கள் தங்கள் சொந்த ஆண்டுக் கணக்கையும் எழுத்துகளால் குறித்தன. தன் பெரிய பலிபீடத்தைக் காசில் காட்டிய அமாசியா என்ற ஊர், செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் 208 என்று தன் ஆண்டைப் பொறித்தது. அது கி.பி. 206-ஐ ஒட்டியது.

தேய்ந்த காசை வாங்கலாமா?

தாராளமாக. இவை சந்தையில் கைமாறி உழைத்த காசுகள். தேயாத காசு வேண்டும் என்று காத்திருப்பவர் பணத்தையும் ஆண்டுகளையும் இழப்பார். பேரரசரின் முகம் வழுவழுப்பாகிவிட்டாலும், கட்டடத்தின் அமைப்பும் ஊர்ப் பெயரும் படிக்கும்படி இருந்தால் அதை நல்ல காசு என்றே நான் கருதுகிறேன்.

பலரைப் பயமுறுத்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காசின் நட்டநடுவில், சில வேளைகளில் கோயில் வாசலிலேயே, சிறு குழி இருக்கும். யாரோ ஆணியால் குத்திவிட்டதாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அச்சடிக்கும் முன் வெற்று வட்டைத் தயார்செய்தபோது ஏற்பட்ட அடையாளம் அது. மாகாண வெண்கலங்களில் சகஜம்.

போலியையும் திருத்தியதையும் எப்படிக் கண்டறிவது?

வார்ப்புப் போலிகளில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடோ அதை அராவிய தடமோ தெரியும். பரப்பில் குமிழித் துளைகள் இருக்கும். எழுத்துகளின் ஓரம் சோப்பைப்போல மழுங்கியிருக்கும். இரண்டு காசுகள் விளிம்பின் வெடிப்பு வரை ஒன்றுபோலவே இருந்தால் குறைந்தது ஒன்றாவது போலி, அநேகமாக இரண்டுமே.

கட்டடக் காசுகளில் அதைவிடப் பெரிய தொல்லை, உண்மையான காசைப் பிற்காலத்தில் செதுக்கித் திருத்துவது. தேய்ந்த தூணுக்குக் கோடு இழுத்து, மழுங்கிய கூரைக்கு ஓடு போட்டுவிடுவார்கள். முன்புறத்தையும் பின்புறத்தையும் ஒப்பிடுங்கள். பேரரசரின் கன்னமும் காதும் வழுவழுவென்று தேய்ந்திருக்க, பின்புறத்துக் கோயில் மட்டும் நேற்று வெட்டியதுபோல் கூர்மையாக இருந்தால் வாங்காதீர்கள். எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் சீவியதுபோல் தாழ்ந்திருந்தாலும் அப்படித்தான். அழகு பார்ப்பதற்காகச் செய்ததாக விற்பவர் சொல்லலாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சாட்சியின் வாயில் புதுச் சொல்லைத் திணிப்பதாகவே எனக்குப் படுகிறது.

சட்டச் சிக்கல் உண்டா?

உண்டு. துருக்கியின் 1983-ஆம் ஆண்டு 2863-ஆம் எண் சட்டப்படி தொல்பொருள்களை நாட்டுக்கு வெளியே எடுத்துச்செல்லக் கூடாது. இடிபாடுகளைப் பார்க்கப் போகும் இடத்தில் யாராவது சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து நீட்டினால் விலகிப்போய்விடுங்கள். பெரும்பாலும் போலியாக இருக்கும். உண்மையானதாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டம் நூறாண்டு கடந்த நாணயத்தையும் தொல்பொருள் என்றே கொள்கிறது. அதைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. அதாவது உள்ளே வந்த காசை வெளிநாட்டில் விற்கலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு முன் சுங்க நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய சேகரிப்புகளிலிருந்து வந்த காசுகளையும், முந்தைய ஏலச் சீட்டு, ரசீது உள்ளவற்றையும் தேர்ந்தெடுங்கள். அந்தத் துண்டுச் சீட்டுகளைக் காசோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள். நிலத்தைக் கொள்ளையடித்து எடுத்த காசு, தான் கிடந்த இடத்தின் வரலாற்றை அழித்துவிட்டுத்தான் கைக்கு வருகிறது.

தமிழ்நாட்டில் இத்தகைய காசுகள் கிடைக்கின்றனவா?

தமிழ்நாட்டில் கிடைக்கும் ரோமானிய நாணயங்கள் பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளி, பொன் காசுகள். பிறகு நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள். கடல் வணிகத்துக்கு விலைமதிப்புள்ள உலோகம் வேண்டியிருந்தது. ஓர் ஊரின் சில்லறையை வேற்றூரில் யார் வாங்குவார்கள்? அலெக்சாந்திரியாக் காசுகள் எகிப்துக்கு வெளியே செல்லுபடியாகாத வகையில் ரோமே தனி ஏற்பாடு வைத்திருந்தது. ஆனாலும் நம் மிளகு செங்கடல் துறைகளில் இறங்கி, நைல் வழியாக, அந்த ஃபாரோஸ் விளக்கின் அடியிலிருந்துதான் ரோமுக்குக் கப்பலேறியது. செங்கடல் கரையில் பெரெனிகேயிலும் குசைர் அல்-காதிமிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன.

எப்படிப் பாதுகாப்பது?

நம் கடலோர ஈரக்காற்றில் கவனம் வேண்டும். காசின் மேல் வெளிர்பச்சைப் பொடி தோன்றி, துடைத்தாலும் மறுபடி வந்தால் அது வெண்கல நோய். உலோகத்தில் தங்கிய குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து காசை அரிக்கிறது. உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே வந்து, நன்றாக உலர்த்துங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகள் போடுங்கள். பி.வி.சி. உறைகளைத் தவிருங்கள். எலுமிச்சை, புளி கொண்டு தேய்க்கவே கூடாது. பாத்திரம் பளபளக்கும், காசு பாழாகும்.

வாங்க வசதியில்லை, ஆர்வம் மட்டும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ரோமானிய மாகாண நாணயங்களுக்கான பெரிய அட்டவணைத் தொகுதி 1992-இல் வெளிவரத் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து இயங்கும் அதன் இணையப் பதிப்பை இலவசமாகப் பார்க்கலாம். ஊர், பேரரசர், பின்புற உருவம் எதை வைத்தும் தேடலாம்.

நைசியாவில் தொடங்குங்கள். கல்லியேனஸ் காலத்தில் அந்த ஊர் தன் மதிலை மேலிருந்து பார்த்த பல்கோண வடிவமாகக் காசில் பொறித்தது. மாக்ரியானஸ், குயீட்டஸ் என்று 260, 261-இல் சிறிது காலமே ஆண்டவர்களின் பெயரிலும் அதே மதில் வருகிறது. அதற்குச் சற்று முன்புதான் கோத்தியர்கள் ஊரைக் கொள்ளையடித்திருந்தார்கள். இன்று இஸ்னிக் எனப்படும் அந்த ஊரின் செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் திறந்துவைத்தால், மதில் சுற்றிவருவதை இப்போதும் காணலாம். ஆனால் வாசல் கல்வெட்டுகள் மதில் முடிந்தது இரண்டாம் கிளாடியஸ் ஆட்சியில், அதாவது 268-க்குப் பிறகு, என்று சொல்கின்றன. அப்படியானால் காசில் இருப்பது கட்டி முடித்த மதிலா, கட்டிக்கொண்டிருந்ததா, இனிக் கட்டப்போவதாக ஊர் அறிவித்ததா? அட்டவணையிலுள்ள அச்சுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, வாசல்களையும் கோபுரங்களையும் எண்ணி, நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.